வேண்டாம்னு சொல்ற உத்தியோகம்

ஒரு காலத்துல, பெரிய ஏரி ஒண்ணு, ஏரிக்கு மேல்பக்கம் அரண்மனை ஒண்ணு, கீழ்ப்பக்கம் கரையை ஒட்டி ஊரு நாலு, இப்படி ஒரு தேசம் இருந்துச்சாம். தேசம்னா பெருசா நெனைச்சுக்காதீங்க. காலையில பல்லு விளக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குள்ள எல்லையத் தொட்டுடலாம், அவ்வளவுதான். ஆனா அதை ஆண்ட ராஜாவோட பேரு மட்டும் அவ்வளவு சீக்கிரம் முடியாது. ராஜாதிராஜ வீரகெம்பீர விஜயகேசரி மகாராஜான்னு பேரு. நாம ராஜான்னே வெச்சுக்குவோம், வாய் வலிக்குது.

இந்த ராஜா ஒரு நாள் காலையில எந்திரிச்சு, "குதிரை மேல எல்லாரும்தான் ஏறுறான், நான் எருமைக் கடா மேல ஏறி நகர்வலம் போகப் போறேன்"னு சொன்னாராம். உடனே மந்திரி "ஆகா"ன்னாரு, தளபதி "ஆகா ஆகா"ன்னாரு, புலவரு "ஆகா ஆகா ஆகா"ன்னு சொல்லி அது மேல ஒரு பாட்டும் கட்டிட்டாரு. கடாவுக்கு என்ன தெரியும், ராஜான்னு தெரியுமா, மந்திரின்னு தெரியுமா? பாதி வழியில ஒரு சேத்துக்குட்டையப் பாத்துச்சு, போயி சுகமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிச்சு. ராஜா அடியில. இடுப்பு போச்சு.

அரண்மனை வைத்தியர் வந்து எண்ணெய் போட்டு நீவிக்கிட்டே, "ஏன் மகாராஜா, இத்தனை பேரு இருக்காங்களே, வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலையா?"ன்னு கேட்டாராம். ராஜா யோசிச்சுப் பாத்தாரு. பொறந்ததுல இருந்து அந்த வார்த்தையை அவர்கிட்ட யாரும் சொன்னதே இல்லையாம். உடனே, படுத்த இடத்துல இருந்தே தண்டோரா போடச் சொல்லிட்டாரு.

"இதனால சகலமான ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, மகாராஜாவுக்கு நேருக்கு நேரா வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் தேவை! ஆம்பளையோ பொம்பளையோ யாரும் வரலாம்! படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம்! அடுத்த வெள்ளிக்கிழமை அரண்மனையில தேர்வு! டும் டும் டும்!"

சிரிக்காதடா, நெசமாத்தான். அப்படி ஒரு உத்தியோகம்.

கீழ்ப்பக்கத்து நாலு ஊர்ல ஒரு ஊர்ல காராயின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் செத்து மூணு வருஷம். வயசான மாமியா ஒண்ணு, பொண்ணுங்க ரெண்டு. எண்ணெய்ச் செக்குல வேலை பாத்துக்கிட்டு இருந்தவதான். ஒரு நாள் எண்ணெய் வாங்க வந்த அம்மாகிட்ட, "இந்தக் குடத்து எண்ணெய் வேண்டாம்மா, காலையில எலி விழுந்து செத்துக் கெடந்துச்சு, எடுத்துப் போட்டுட்டு விக்கிறாரு"ன்னு சொல்லிட்டா. செக்குக்காரரு அன்னைக்கே அவளை வெளிய அனுப்பிட்டாரு. எலி விழுந்த எண்ணெயை வெளிய கொட்டாதவரு, எலியைப் பத்திச் சொன்னவளை அனுப்பிட்டாரு பாத்தீங்களா!

தண்டோராவைக் கேட்டுட்டு மாமியா சொன்னாளாம், "ஏ காராயி, உன் வாயால இருந்த வேலை போச்சு. அதே வாயைக் கேட்டு ஒரு வேலை வந்திருக்கு. போயித்தான் பாரேன்."

"அரண்மனையில நம்மளை எல்லாம் சேப்பாங்களா அத்தை?"

"அவங்கதான் கூப்புடுறாங்க. போ."

வெள்ளிக்கிழமை ஒரு நல்ல சீலையா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனா. அங்க பாத்தா கூட்டம்னா கூட்டம். சபை நடுவுல ராஜா இடுப்புக்கு மெத்தை வெச்சு உக்காந்திருக்காரு. முன்னால ஒரு குடம் நெய். பக்கத்துல மந்திரி மதிவாணராயரு, கையில எழுத்தாணி.

மொதல்ல ஒரு பயில்வான் போனான். ராஜா கேட்டாரு, "இந்தக் குடத்து நெய்யை இப்பவே முழுசாக் குடிக்கப் போறேன். என்ன சொல்றே?" பயில்வான் மீசையைத் தடவிக்கிட்டு வாயைத் தொறந்தான், "வே... வே... வேணுங்கற மட்டும் குடிங்க மகாராஜா!"ன்னுட்டான். ரெண்டாவது ஒரு பண்டிதரு போனாரு. நெய்யோட குணம் என்ன, குத்தம் என்னன்னு நாலு நாழிகை பேசினாரு. குடிக்கலாமா கூடாதான்னு மட்டும் சொல்லவே இல்லை. மூணாவது ஒரு சாமியாரு போனாரு. எல்லாம் மாயை, நெய்யும் மாயை, வயிறும் மாயைன்னாரு. ராஜாவுக்குக் கொட்டாவி வந்துருச்சு.

அப்புறம் காராயி போனா.

"ஏம்மா, இந்த நெய்யை முழுசாக் குடிக்கப் போறேன். என்ன சொல்றே?"

"வேண்டாங்க."

ராஜா மெத்தையில நிமிந்து உக்காந்தாரு. "ஏன் வேண்டாம்?"

"வயித்தால போகும். குடிக்கிறது நீங்க, கழுவி விடுறது வேற யாரோ. அந்த ஆளைப் பத்தியும் நெனைக்கணும் இல்லைங்களா?"

ராஜா சிரிச்சாரு பாருங்க, இடுப்பு வலியோட சிரிச்சாரு. அப்புறம் பொட்டியைத் தொறந்து புதுக் கிரீடம் ஒண்ணை எடுத்துத் தலையில வெச்சாரு. மேல மயில் தோகை, பக்கவாட்டுல ரெண்டு சின்ன மணி. "இதைத்தான் இனிமே தெனமும் வெச்சுக்கப் போறேன். என்ன சொல்றே?"

"வேண்டாங்க. மாட்டுப்பொங்கலுக்கு எங்க ஊருக் காளைக்கு இப்படித்தான் கட்டுவோம்."

ராஜா இன்னும் சிரிச்சாரு. கிரீடத்தைக் கழட்டிக் கீழ வெச்சுட்டாரு. மூணாவதா மொகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு, "உன் தலையை வெட்டச் சொல்லப் போறேன். இப்ப என்ன சொல்றே?"ன்னு கேட்டாரு.

"அதுவும் வேண்டாம்னுதாங்க சொல்லுவேன். அதுக்கு வேற என்னங்க சொல்றது?"

ராஜா தொடையில தட்டினாரு. "இவதான்! இவளேதான்! இத்தனை நாளா எங்கம்மா இருந்தே? வர்ற பௌர்ணமிக்கு வேலையில சேந்துக்க. முறைப்படி ஓலை வரும், வீட்டுல இரு"ன்னாரு. சபை முழுக்கக் கைதட்டு. மந்திரி மட்டும் தட்டல. எழுத்தாணியைக் கடிச்சுக்கிட்டு நின்னாரு.

காராயி ஓட்டமும் நடையுமா வீட்டுக்கு வந்து சொன்னா. மாமியா அழுதுட்டா. பொண்ணுங்க ரெண்டும் தெருவெல்லாம் ஓடி, "எங்கம்மா ராஜாவை அதட்டப் போறா, எங்கம்மா ராஜாவை அதட்டப் போறா"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. மறுநாளே பக்கத்து ஊருச் சத்திரத்துல இருந்து மாவாட்ட ஆள் கேட்டு வந்தாங்க. "ராஜாவே வாயால சொல்லிட்டாருங்க, நான் வரமுடியாது"ன்னு அனுப்பிட்டா. ராஜா வார்த்தை இல்லையா? நம்பினா.

ஒரு வாரம் போச்சு, ஓலை வரல. ரெண்டு வாரம் போச்சு, ஓலை வரல. பௌர்ணமி வந்து போச்சு, அப்பவும் ஓலை வரல. சத்திரத்து வேலைக்கு வேற ஒருத்தி சேந்துட்டா. வீட்டுல ஒரு வேளைக் கஞ்சிதான். தெருவுல போனா, "என்ன காராயி, ராஜா எப்படி இருக்காரு?"ன்னு கேக்குறாங்க. அந்தக் கேள்விதான் பசியை விட மோசமா இருந்துச்சாம்.

அங்க அரண்மனையில என்ன நடந்துச்சு தெரியுமா? மந்திரி வீட்டுல அவரு பொண்டாட்டியோட தம்பி ஒருத்தன், சீவலப்பன்னு பேரு, சும்மா தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக் கெடந்தான். அவனை எங்கயாவது சொருகிடணும்னு மந்திரிக்கு ரொம்ப நாளா யோசனை. அதோட இன்னொரு பயம். ராஜாகிட்டயே வேண்டாம்னு சொல்றவ நாளைக்கு மந்திரிகிட்டயும் சொல்ல மாட்டாளா? அதனால ராஜாகிட்டப் போயி, காதோரமா, ரொம்பப் பணிவா, "அருமையான பொம்பளை மகாராஜா. அன்னைக்குச் சிரிச்சோம். ஆனா அவ தெனமும் இங்க நிப்பா. தெனமும்"னு சொன்னாரு.

ராஜா மொகம் சுருங்கிருச்சு. "தெனமுமா?"

"சாப்புடும்போது நிப்பா. கிரீடம் வைக்கும்போது நிப்பா. ராணியம்மா முன்னால வெச்சே காளைன்னு சொல்லுவா."

ராஜாவுக்கு அந்தக் காளை அப்பத்தான் குத்துச்சு. ஒரு நாள் வேடிக்கைக்கு நல்லாத்தான் இருந்துச்சு, தெனமும்னா தாங்குமா? ஆனா தண்டோரா போட்டாச்சே, ஆள் வெக்கலைன்னா ஊரு சிரிக்குமே? "அதுக்கும் வழி இருக்கு மகாராஜா"ன்னு மந்திரி சீவலப்பனைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாரு.

"என்னைவிட வீரன் எவனாவது இருக்கானா?"ன்னு ராஜா கேட்டாரு.

"இல்லவே இல்லை மகாராஜா!"

"எனக்கு வயசாயிருச்சா?"

"ஆகவே இல்லை மகாராஜா!"

"நான் ஏதாவது தப்பு பண்ணியிருக்கேனா?"

"பண்ணவே இல்லை மகாராஜா! பண்ணவும் மாட்டீங்க!"

பாத்தீங்களா? மூணுமே மறுப்புத்தானே! ராஜாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தைரியமா மறுத்துப் பேசுற ஆளைக் கூடவே வெச்சிருக்காருன்னு புலவரு அடுத்த பாட்டைக் கட்டிட்டாரு.

அதுக்கப்புறந்தான் காராயிக்கு ஓலை வந்துச்சு. பட்டு நூல்ல கட்டின ஓலை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ல படிச்சவரு வாத்தியாரு ஒருத்தர்தான், அவரைக் கூட்டிட்டு வந்து படிக்கச் சொன்னா. வாத்தியாரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் படிச்சாரு.

"திருமதி காராயி அவர்களுக்கு ஆயிரம் ஆசிகள். தாங்கள் சபைக்கு எழுந்தருளித் தங்கள் திறமையைக் காட்டியது கண்டு மகாராஜா பேருவகை கொண்டார்கள். தங்கள் மறுப்பு மொழியின் அழகும் துணிவும் நெடுநாள் நினைவில் நிற்கும். ஆயினும் அரண்மனையின் இன்றைய நிலையையும் நாளைய நோக்கத்தையும் கருத்தில் கொண்டு, அப்பணிக்கு மிகவும் இசைவான ஒருவர் அமைந்துவிட்டபடியால், தங்கள் வாழ்வு எல்லா வளமும் பெற்றுச் சிறக்க வாழ்த்துகிறோம்."

"இன்னொரு தடவை படிங்கய்யா"ன்னா. படிச்சாரு. "இன்னும் ஒரு தடவை." படிச்சாரு.

"இதுல எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"இல்லைம்மா."

காராயி அந்த ஓலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "வேலை இல்லைன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லத் தெரியாம இத்தனை வரி எழுதியிருக்காங்களே. பாவம், அவங்களுக்கு நெசமாவே ஆள் வேணும் போலிருக்கு"ன்னாளாம்.

வாத்தியாரு சிரிச்சாரு. அவ சிரிக்கல. உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. அழுது முடிச்சு மொகத்தைக் கழுவிட்டு நேரா அரண்மனைக்கு நடந்தா.

வாசல்ல நிக்க வெச்சாங்க, நின்னா. மத்தியானம் வரைக்கும் நிக்க வெச்சாங்க, நின்னா. கடைசியில மந்திரி வெத்தலையை மென்னுக்கிட்டே வந்தாரு.

"என்னம்மா, ஓலை வரலையா?"

"வந்துச்சுங்க. என்கிட்ட என்ன கொறைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

மந்திரி பெரிய மனசு பண்ணிச் சொன்னாரு. "கொறைன்னு இல்லைம்மா. உன் வேண்டாம்ல கொஞ்சம் பணிவு பத்தலை. மொகத்தைப் பாத்துச் சொல்றே. சொல்லிட்டுக் காரணம் வேற சொல்றே."

"பாக்காம, காரணம் சொல்லாம, பணிவா வேண்டாம்னு சொல்றதுக்கு வாயை மூடிக்கிட்டே இருக்கலாமேங்க."

"இதைத்தான் சொன்னேன்"னு மந்திரி உள்ள போயிட்டாரு. உள்ளேயிருந்து சீவலப்பன் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. "இல்லவே இல்லை மகாராஜா! ஆகவே இல்லை மகாராஜா!" காராயி கொஞ்ச நேரம் நின்னு கேட்டா. "தூ"ன்னு ஒரு துப்பு. திரும்பிப் பாக்காம வந்துட்டா.

நீங்கள்லாம் ஏன் உம்முன்னு ஆயிட்டீங்க? இருங்க, இன்னும் இருக்கு.

கீழ்ப்பக்கத்து நாலு ஊருக்கும் ஏரித் தண்ணியைப் பங்கு வெச்சு விடுற ஆளு ஒருத்தரு உண்டு. அவருக்கு நீர்க்கட்டின்னு பேரு. அப்ப இருந்த நீர்க்கட்டி பெரிய பண்ணைக்காரங்களுக்குப் பயந்து அவங்க வயலுக்கே தண்ணியை விட்டுட்டு இருந்தாரு. ஜனங்க அவரை நிறுத்திட்டாங்க. நாலு ஊருப் பெரியவங்களும் காராயி வீட்டுக்கு வந்தாங்க.

"ஏம்மா காராயி, பெரிய பண்ணைக்காரரு வந்து, முறை வராம மடையைத் தொறன்னு சொன்னா என்ன பண்ணுவே?"

"மாட்டேன்னு சொல்லுவேன்."

"நாளைக்குக் காலையில வந்துரு"ன்னாங்க. அவ்வளவுதான் தேர்வு. எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அப்புறம் ஐப்பசி மாசம் வந்துச்சு. மழையான மழை. ஏரி தளும்பித் தளும்பி நிக்குது. ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு காட்டாத்துக்குப் போக ஓரமாக் கல்லுக் கட்டி வழி விட்டிருப்பாங்க, அதுதான் கலிங்கு. ராஜாவுக்கு அந்த மாசம் பொறந்தநாள். அவருக்கு ஒரு ஆசை வந்துருச்சு. கலிங்கை அடைச்சுட்டா ஏரித் தண்ணி ஏறி அரண்மனைப் படிக்கட்டு வரைக்கும் வருமாம், படியில இருந்து அப்படியே காலைத் தூக்கிப் படகுல வெச்சு ஏறலாமாம். ஆளுங்க மூங்கிலும் களிமண்ணும் கொண்டு வந்து அடைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

காராயி ஓடினா. "மகாராஜா, கலிங்கை அடைக்க வேண்டாங்க. தண்ணி படியோட நிக்காது. நீங்க சொன்னா நிக்கிற சாதி இல்லைங்க அது"ன்னா.

மந்திரி குறுக்க வந்தாரு. "வேண்டாம்னு சொல்றதுக்கு அரண்மனையில தனியா ஆள் இருக்கு. நீ உன் வேலையப் பாரு"ன்னாரு. ராஜா சீவலப்பன் பக்கம் திரும்பினாரு.

"கலிங்கை அடைச்சா ஆபத்து உண்டா?"

"இல்லவே இல்லை மகாராஜா!"

"தண்ணி உள்ள வருமா?"

"வரவே வராது மகாராஜா!"

"இவ சொல்றதைக் கேக்கணுமா?"

"கேக்கவே வேண்டாம் மகாராஜா!"

"பாத்தியா? எங்காளு எவ்வளவு தைரியமாச் சொல்றான்"னாரு ராஜா.

காராயி அதுக்கு மேல அங்க நிக்கல. நேரா கீழ வந்து நாலு ஊரையும் கூப்பிட்டா. "மடை மூணையும் தொறங்க. வைக்கோல், பனைமட்டை, மண்ணு, எது கெடைச்சாலும் கொண்டாந்து கரையை ஒரு முழம் ஒசத்துங்க. கரை போச்சுன்னா நாமளும் போயிடுவோம்"னா. ஆம்பளை, பொம்பளை, கெழவன், கெழவி எல்லாம் மூணு நாள் மண்ணு சுமந்தாங்க. காராயி பொண்ணுங்க ரெண்டும் சுமந்துச்சு. மாமியா கரை மேலயே உக்காந்து எல்லாருக்கும் கூழு ஊத்தினா. கரை நின்னுச்சு. கீழ போக முடியாத தண்ணி, மேல திரும்புச்சு.

அங்க அரண்மனையில பொறந்தநாள் விருந்து. பட்டப்பகல். வாழையிலை போட்டு, பாயசம் ஊத்தி, பாட்டு நடக்குது. ராஜாவுக்குக் கால் சில்லுன்னுச்சு.

"சீவலப்பா, தண்ணி உள்ள வருதா?"

"இல்லவே இல்லை மகாராஜா!"

கணுக்கால் முட்டும் வந்துச்சு. எலையெல்லாம் மெதந்து போகுது, அப்பளம் தனியாப் போகுது. "சீவலப்பா, தண்ணி ஏறுதா?"

"ஏறவே இல்லை மகாராஜா!"

முழங்கால் தாண்டி இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. மந்திரி தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. புலவரு பாட்டை விட்டுட்டு ஜன்னல்ல ஏறிட்டாரு. "அடேய் சீவலப்பா, நாம முழுகப் போறோமா?"

சீவலப்பன் ஒரு பாயச அண்டாவுக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு, தண்ணியில சுத்திச் சுத்திப் போய்க்கிட்டே, "இல்... இல்லவே இல்லை மகாராஜா!"ன்னு கத்தினானாம்.

நல்லாச் சிரிங்க. இப்பச் சிரிக்கலாம்.

ராஜா சிம்மாசனத்து மேல ஏறி நின்னு ஓன்னு கத்தினாரு. அரண்மனைக் காவக்காரங்க நீந்திப் போயி ஏரிக்கரையில நின்ன காராயிகிட்டக் கை கூப்பினாங்க. அவ ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி கலிங்குல அடைச்ச மூங்கிலையும் மண்ணையும் பிச்சு எறியச் சொன்னா. ஒரு பகலுக்குள்ள தண்ணி வடிஞ்சுது. யாரும் சாகல. ஆனா அரண்மனை முழுக்கச் சேறு. பட்டுமெத்தையில சேறு, பொக்கிஷத்துல சேறு, மயில்தோகைக் கிரீடத்துல ஒரு கெளுத்தி மீனு.

ராஜா சேத்துக்குள்ள நடந்து ஏரிக்கரைக்கு வந்தாரு. "காராயி, தப்பு நடந்து போச்சு. பல்லக்கு அனுப்புறேன், அந்த உத்தியோகம் உனக்குத்தான், வந்துரு"ன்னாரு.

"நான் வேண்டாம்னு சொன்னா நீங்க கேப்பீங்களா?"ன்னு காராயி கேட்டா.

ராஜா கொஞ்சம் யோசிச்சாரு. பொய் சொல்லக்கூடாதுன்னு அன்னைக்கு ஏதோ நல்ல புத்தி. "சில சமயம் கேப்பேன்"னாரு.

"கலிங்கு விஷயத்துலயும் நான் வந்து சொன்னேன், உங்களுக்குக் காது இருந்துச்சு. உங்களுக்கு வேண்டியது வேண்டாம்னு சொல்ற ஆளு இல்லைங்க. வேண்டாம்னு சொல்ற ஆளை வெச்சிருக்கோம்னு ஊருக்குச் சொல்லிக்கிற பெருமை. அதுக்கு உங்க சீவலப்பனே போதும்"னா. சொல்லிட்டு இன்னொண்ணும் சொன்னா. "எங்க நாலு ஊர்லயும் ஒரு கட்டுப்பாடு இருக்குங்க. கலிங்கை அடைச்சவன் யாரா இருந்தாலும் அவன்தான் வாய்க்காலைத் தூர் வாரணும். கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது, சொந்தக் கையால வாரணும்."

ராஜா திரும்பி மந்திரியைப் பாத்தாரு, மந்திரி திரும்பிச் சீவலப்பனைப் பாத்தாரு. சீவலப்பனுக்குப் பின்னால யாரும் இல்லை.

அப்புறம் என்ன? கார்த்திகை முழுக்க மூணு பேரும் வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டுச் சேறு அள்ளினாங்க. நாலு ஊரு ஜனமும் வேலைவெட்டியை விட்டுட்டு வந்து பாத்துட்டுப் போச்சு. ராஜாவுக்கு இடுப்பு வலி. மந்திரிக்குக் கையெல்லாம் கொப்புளம். சீவலப்பன் ஒவ்வொரு கூடைக்கும் அழுதான். காராயி கரை மேல நின்னு, "அந்த மூலையில இன்னும் இருக்குங்க"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா. அதையும் மொகத்தைப் பாத்துத்தான் சொன்னா.

ஓலை எழுதின கையெல்லாம் சேத்துல, கஞ்சி குடிச்சவ வயித்துல சோறு, அதோட கதையும் கரை சேந்துருச்சு. எந்திரிங்க, எந்திரிங்க, கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க, சாப்புடலாம்.